உட்கார்ந்து பார்க்கிற உயரம்

"யானை வீட்லயே இருக்கட்டும்," என்றார் அப்பா.

யானை என்பது என் தொலைநோக்கியின் தாங்கி. தொலைநோக்கி ஒன்றும் பெரியதில்லை, என் கை நீளம்கூட இருக்காது. ஆனால் அதைத் தாங்குவதற்கென்று கூடவே வந்தது இருக்கிறதே, அதற்கு மூன்று இரும்புக் கால்கள், அவற்றின் மேல் கனமான ஒரு தலை, அந்தத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் இருக்க மறுபக்கம் ஒரு இரும்புக் குண்டு. யானை என்று பெயர் வைத்தவள் நான்தான். அதை மாடிக்கு ஏற்றுவதற்குள் எனக்குத்தான் தும்பிக்கை முளைத்துவிடும்போல இருக்கும்.

விடுமுறைக்கு மலைமேல் ஒரு விடுதிக்குப் போகிறோம். அப்பா, அம்மா, நான், மாமா. முதலில் பஸ், பிறகு ரயில், அதன் பிறகு வாடகைக் கார். மாமாவின் சக்கர நாற்காலியை மடக்கி வைத்தாலே காரின் பின்பக்கம் நிறைந்துவிடும். அதனால் அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். ஆளுக்கு ஒரு பை. அவரவர் பையை அவரவர்தான் தூக்க வேண்டும்.

"யானையை நானே தூக்குவேன்ப்பா," என்றேன்.

"சரி. முதுகுல ஏத்திக்கிட்டு மொட்டை மாடி வரைக்கும் போயிட்டு வா. நடுவுல எங்கயும் உக்காரக் கூடாது."

மூன்று மாடிதானே. முதல் மாடி வரை பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினேன். இரண்டாவது மாடியில் பாட்டு நின்றுவிட்டது. அதற்கடுத்த வளைவில் இரும்புக் குண்டு இடுப்பில் இடித்த இடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சத்தத்தையே காணோமே?" என்று கீழேயிருந்து அப்பா கேட்டார்.

"யோசிச்சிட்டு இருக்கேன்," என்றேன்.

பொய் இல்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். தொலைநோக்கி இல்லாமல் அந்த மலைக்குப் போவதில் அர்த்தமே இல்லை. ஏன் என்றால் மாமா.

அம்மாவின் தம்பிதான் மாமா. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்திலேயே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். யார் வந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டாலும், "நாளைக்கு வாங்க," என்பார். என்னை மட்டும் "தொந்தரவு" என்று கூப்பிடுவார். அந்தத் தொலைநோக்கியை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

ஆனால் அதன் வழியாக அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தெருவில் நின்றால் இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள், நடுவில் ஒரு ரிப்பன் அளவுக்குத்தான் வானம். மொட்டை மாடியிலிருந்துதான் எல்லாம் தெரியும். மாடிக்கு லிஃப்ட் கிடையாது. ஒருமுறை அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து மாமாவைத் தூக்கிப் போகலாம் என்று வந்தார்கள். "நான் என்ன சோபாவா, மாடிக்குத் தூக்கிட்டுப் போக?" என்று சிரித்தே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் சனிக்கோளின் வளையத்தைப் பார்த்துவிட்டார்கள். பால் போடுகிறவர் பார்த்துவிட்டார். வாங்கிக் கொடுத்த மாமா மட்டும் பார்க்கவில்லை. நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கு என்ன பாத்த?" என்று கேட்பார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

மலை விடுதியில் படியே இல்லை, வாசலுக்கு வெளியே பெரிய புல்வெளி என்று அம்மா சொன்ன அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். மாமா வளையத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

யானை வராது. அப்படியென்றால் வேறு கால்கள் வேண்டும்.

அப்பா தன் அலுவலக நண்பரிடமிருந்து கேமரா வைக்கும் முக்காலி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். ஒரே விரலில் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. எனக்கு ஒரே குஷி. சாயங்காலமே மாடிக்கு ஓடி, கால்களை முழுசாக இழுத்து நீட்டி, தொலைநோக்கியை மாட்டி, நிலாவைப் பார்த்தேன்.

நிலாவுக்கு ஜுரம் வந்ததுபோல் இருந்தது. அப்படி நடுங்கியது. தெளிவாகத் தெரியட்டும் என்று குமிழைத் தொட்டால் இன்னும் நடுங்கியது. தும்மினேன், நிலா காணாமலே போய்விட்டது.

"லேசா இருந்தா ஆடும், ஆடாம இருந்தா கனக்கும். அதான் கணக்கு. வேற வழி இல்ல," என்றார் அப்பா. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேமரா கடையில் புதிதாக ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். அடுத்த பிறந்தநாள் பரிசை இப்போதே கொடுத்ததாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒரே தடவைதான் வாங்குவார். மாற்றித் தா என்று பிறகு கேட்கக் கூடாது.

ஒரே தடவை என்றால் தப்பாக எடுத்துவிடக் கூடாதே. அன்றைக்குப் படுத்துக்கொண்டு, மாமா எப்படிப் பார்ப்பார் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மாமா வருவார். தொலைநோக்கிக்கு முன்னால் நாற்காலியை நிறுத்துவார். கண்ணை வைப்பார். எங்கே வைப்பார்?

விடிந்ததும் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு மாமா கடைக்குப் போனேன். கயிற்றின் ஒரு முனையைத் தரையில் மிதித்துக்கொண்டு, மறுமுனையை அவர் கண் வரை இழுத்துப் பிடித்தேன்.

"தையல் வேலைல இறங்கிட்டியா, தொந்தரவு?" என்றார்.

"ஆமா. உங்க கண்ணுக்குச் சட்டை தைக்கறேன். ஆடாம இருங்க."

கண் இருந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

கேமரா கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் வெள்ளி நிறத்தில் ஒரு முக்காலியை எடுத்து, ஒவ்வொரு காலையும் சரக் சரக்கென்று இழுத்தார். ஒரு காலுக்குள் இன்னொரு கால், அதற்குள் இன்னொரு கால் என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அது அப்பாவைவிட உயரமாக நின்றது. அப்பா நிமிர்ந்து நின்றுகொண்டே பார்க்கலாம் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். அப்பாவுக்கும் அது பிடித்துவிட்டது.

நான் வீட்டிலிருந்து கொண்டு வந்த தொலைநோக்கியை அதில் மாட்டி, கடை வாசல் வழியாகத் தெருக்கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் ஏணியைப் பார்த்தேன். பிறகு விரலால் முக்காலியை ஒரு தட்டுத் தட்டினேன். ஏணி குத்தாட்டம் போட்டது. நிற்கவே இல்லை.

குனிந்து கால்களைப் பார்த்தேன். கடைசியாக வெளியே வந்த கால் என் சுண்டுவிரல் தடிமன்தான் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. ஆடாமல் என்ன செய்யும்?

கயிற்றை எடுத்து, முடிச்சை முக்காலியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அது பாதி உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. மாமாவுக்கு இவ்வளவு நீளமான காலே தேவையில்லை. அப்படியென்றால் அந்தச் சுண்டுவிரல் கால்களும் தேவையில்லை.

"அண்ணா, இதைவிடக் குட்டையா, கால் தடிமனா இருக்கா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கீழ்த்தட்டிலிருந்து தூசி படிந்த ஒன்றை எடுத்தார். கட்டையாக, தோள் அகலமாக, கோபக்காரர்போல் இருந்தது. ஆனால் தூக்கினால் வெள்ளி முக்காலியைவிட லேசு. கால் நீளத்தில் மிச்சம் பிடித்துவிட்டார்களே. நடுவில் பை மாட்டுவதற்கு ஒரு கொக்கிகூட இருந்தது.

"இது வேண்டாம் பாப்பா. வாங்கின ரெண்டு பேரும் இடுப்பு வலிக்குதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. நின்னுக்கிட்டுப் பாக்கவே முடியாது."

"யாரும் நிக்கப் போறதில்ல அண்ணா," என்று சொல்லி அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வெள்ளி முக்காலியின் தலையையே இதில் பொருத்தித் தொலைநோக்கியை மாட்டி, ஏணியைப் பார்த்து, ஒரு தட்டுத் தட்டினேன். ஏணி லேசாகச் சிலிர்த்துவிட்டு நின்றுவிட்டது.

கால் கிடைத்தது. இனிமேல் அதன் மேலே தொலைநோக்கியைப் பிடித்துத் திருப்பும் தலை. கடைக்காரர் இரண்டு தலைகள் காட்டினார். ஒன்று பந்துபோல் இருந்தது, ரொம்ப லேசு. ஆனால் திருகைத் தளர்த்தினால் தொலைநோக்கி பொத்தென்று தலை குனிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நான்தான் பிடித்துத் திருப்பித் தர வேண்டியிருக்கும். இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் கனம். அதில் இரண்டு குமிழ்கள். ஒன்றைத் திருகினால் மெதுவாக மேலும் கீழும் போகும், மற்றதைத் திருகினால் பக்கவாட்டில் நகரும்.

மாமாவின் விரல்கள் கடுகு அளவு திருகாணியைக்கூடக் கழற்றும். அவருக்குக் குமிழ் இருந்தால் போதும், யாரும் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். காலில் மிச்சம் பிடித்த கனத்தைத் தலையில் செலவழித்தேன்.

"எல்லாம் சரி," என்றார் அப்பா. "நாங்கல்லாம் எப்படிப் பாக்கறது?"

"குனிஞ்சுப்பா."

அப்பா கயிற்றைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார். கடைக்காரரிடம் தூசியைத் துடைத்துக் கட்டித் தரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் புது முக்காலியையும் தொலைநோக்கியையும் என் துணிகளோடு ஒரே பையில் அடைத்து முதுகில் மாட்டிக்கொண்டேன். மொட்டை மாடி வரை ஏறி இறங்கினேன். பாட்டு நடுவில் நிற்கவே இல்லை. போதும் பாட்டை நிறுத்து என்று இரண்டாவது மாடிக்காரர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மலைக்குப் போன முதல் நாள் ஒரே மூடுபனி. எதிரில் இருந்த மரமே தெரியவில்லை. "நாளைக்கு வாங்கன்னு சொல்லுது வானம். நம்ம கடை ஆளுதான்," என்றார் மாமா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளோடு விடுமுறை முடிகிறது.

மறுநாள் சாயங்காலம் காற்று வந்து பனியைத் துடைத்துக்கொண்டு போனது. இருட்ட ஆரம்பித்ததும் புல்வெளியில் முக்காலியை நிறுத்தினேன். ஆனால் காற்று அதையும் விடவில்லை, தொலைநோக்கி லேசாக ஆடியது. விடுமுறைக்கு வந்தும் மாமா விடாமல் தூக்கி வந்திருந்த ஸ்குரூடிரைவர் பையை வாங்கிக் கொக்கியில் தொங்கவிட்டேன். ஆட்டம் அடங்கியது. இதுக்குத்தான் அதைத் தூக்கி வந்தேன் என்று மாமா கூசாமல் சொன்னார்.

சனியைப் பிடித்து நடுவில் வைத்துவிட்டு, "வாங்க மாமா," என்றேன்.

மாமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். டங்.

நாற்காலியின் பாதம் வைக்கும் பலகை முக்காலியின் காலில் முட்டிவிட்டது. சனி எங்கேயோ போய்விட்டது. மாமா கழுத்தை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. உயரம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணுக்கும் தொலைநோக்கிக்கும் நடுவில் இரண்டு ஜாண் காற்று. கடையில் நான் உட்கார்ந்து பார்த்தது சாதாரண நாற்காலி. அதில் பலகை இல்லை. கயிற்றில் உயரத்துக்கு முடிச்சுப் போட்டேன், தூரத்துக்குப் போடவில்லை.

"பரவால்ல தொந்தரவு," என்றார் மாமா. "நீ பாத்துச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

அப்பா மாமாவைத் தூக்கிப் பிடிக்கத் தயாராக ஓர் அடி முன்னால் வந்தார்.

"யாரும் தூக்க வேணாம். ஒரு நிமிஷம் இருங்க," என்றேன்.

தொலைநோக்கியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கண் வைக்கும் குழாய் பின்பக்கம் ஒரு முழங்கைபோல மடங்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முழங்கை எப்போதும் மேலேதான் பார்க்க வேண்டுமா என்ன? திருகைத் தளர்த்தி, முழங்கையைப் பக்கவாட்டில் திருப்பி, மறுபடி இறுக்கினேன்.

"மாமா, நேரா வராதீங்க. பஸ்ஸை ஸ்டாண்டுல ஓரங்கட்டற மாதிரி பக்கத்துல வாங்க."

மாமா நாற்காலியைத் திருப்பி, முக்காலிக்கு இணையாகக் கொண்டு வந்தார். பலகை எதிலும் இடிக்கவில்லை. குழாய் அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சனியை மறுபடி தேடிப் பிடித்துவிட்டு நான் விலகினேன்.

மாமா கண்ணை வைத்தார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏ தொந்தரவு," என்றார் கடைசியில், கண்ணை எடுக்காமலே. "உள்ள ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கியா?"

"இல்ல மாமா. அது நிஜம்."

"நகருதே?"

"பூமி சுத்துதில்ல, அதான். வலது கைப் பக்கம் குமிழ் இருக்கு, திருகுங்க."

மாமாவின் விரல்கள் இருட்டிலேயே குமிழைக் கண்டுபிடித்தன. மெல்லத் திருகினார். சனி போனது, இவர் விடவில்லை. மறுபடி போனது, மறுபடி பிடித்தார்.

அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார். எங்களுக்கும் காட்டக் கூடாதா, எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

"நாளைக்கு வாங்க," என்றார் மாமா.

ரொம்ப நேரம் கழித்துத்தான் மனசு வந்து எங்களுக்கு இடம் விட்டார். அப்பா குனிந்து பார்த்தார். அம்மா குனிந்து பார்த்தார். நானும் குனிந்துதான் பார்த்தேன். மாமா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, சீக்கிரம் ஆகட்டும் என்று எங்களை விரட்டிக்கொண்டிருந்தார்.