கோராவின் ஆறாம் வகுப்பு

"இன்னும் ஒரு வரி கூட எழுதலையா? வியாழக்கிழமை ஆயிடுச்சு டார்லா!"

காபிக் கோப்பையை மேஜைமேல் டக்கென்று வைத்தாள் பெர்னிஸ்.

டார்லா நிமிரவில்லை. அவள் எதிரே கல்வி அலுவலகத்துப் படிவம் விரிந்து கிடந்தது. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு வரும் வருஷம் என்னென்ன பாடம், எந்தெந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம் என்று எழுதி நாளைக்குள் அனுப்பியாக வேண்டும்; போன வருஷம் வரை கையெழுத்து மட்டும் போதுமாயிருந்தது. பதினொரு வயது கோராவுக்கு இந்த செப்டம்பரில் ஆறாம் வகுப்பு.

"எழுதிடுவேன்... கொஞ்சம் வேலை இருந்தது..."

"என்ன பெரிய வேலை? இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினவ நான், இதே வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கேன். குடு, அரை மணியில முடிச்சுத் தரேன்னா காகிதத்தை மார்போட அணைச்சுக்கறே. உன் பொண்ணை நான் என்ன களவாடிட்டா போயிடுவேன்?"

பெர்னிஸ், டார்லாவின் கணவன் வெண்டலுக்கு அக்கா. தன் கணவன் இறந்த பிறகு, இரண்டு வருஷமாகத் தம்பியின் பால் பண்ணையில்தான் வாசம்.

கறவை முடித்து உள்ளே வந்த வெண்டல், வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினான்.

"என்ன சத்தம்? கொட்டகை வரைக்கும் கேக்குது."

"உன் பெண்டாட்டியைக் கேளு! நேத்து கோராவை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். எட்டு நிமிஷம் வெண்டல்! நாலு வருஷமா வீட்டுல வெச்சு இவ என்னத்தைச் சொல்லிக் குடுத்தா?"

அவன் களைத்திருந்தான். "டார்லா, அக்காவே எழுதட்டுமே."

"வேண்டாம். என் பிள்ளைக்கு நானே எழுதறேன்."

"எதுக்கு இந்த வீம்பு? நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள இது போகலைன்னா பள்ளிக்கூட பஸ்ஸுதான். சொல்லிட்டேன்!"

வீம்பாமே! டார்லா படிவத்தை எடுத்து மடித்தாள். வீம்பாக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பாளே...

அவளுக்கு எழுத்து வராது. சின்ன வயதிலிருந்தே பக்கத்தைப் பார்த்தால் எழுத்துகள் இடம் மாறி நிற்கும். கடைசி பெஞ்சில் வாய் மூடி உட்கார வைத்து, வகுப்பு வகுப்பாகத் தள்ளிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு, "கண்ணாடியைக் காணோம்", "தலை வலிக்குது, நீயே படி" என்று காலம் ஓடிவிட்டது. சொல்லிவிடலாம் என்று ஒரு முறை நினைத்தாள். அந்த வாரம் பார்த்துத்தான், படிக்கத் தெரியாத ஒரு வேலையாள் ரசீதில் தப்பான இடத்தில் கையெழுத்துப் போட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான் வெண்டல். அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

நாலு வருஷத்துக்கு முன் நிமோனியாவில் மூன்று மாதம் படுத்த கோரா, அதோடு வீட்டிலேயே தங்கிவிட்டாள். வெண்டல் கறவைக்குப் போகும் நேரத்தில், அடுத்த பாடத்தின் ஒலிப்பதிவை டார்லா போனில் ஓடவிட்டுக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வாள். பிறகு தாயும் மகளும் ஒட்டி உட்காருவார்கள். கோரா மெதுவாக வாசிக்க, டார்லாவின் விரல் சொல் சொல்லாகக் கூடவே போகும். இந்த நாலு வருஷத்தில்தான் எழுத்துகள் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கத் தொடங்கின. யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம் அது.

மத்தியானம் அந்தச் சந்தோஷமும் போயிற்று.

கோராவைச் சாப்பிடக் கூப்பிடப் போன பெர்னிஸ், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தாள். இன்னொரு கையில் ஒரு தடிப் புத்தகம்.

"பாரு வெண்டல்! கன்னுக்குட்டிங்க நடுவுல உட்கார்ந்து இதை வாசிச்சுட்டிருக்கா. மடமடன்னு! ஒரு சொல்லுல தடுக்கலை! என்கிட்ட எட்டு நிமிஷம் நடிச்சிருக்கா. என்னை முட்டாளாக்கணும்னு நீதானே சொல்லிக் குடுத்தே டார்லா?"

"நானா? எனக்கு ஒண்ணும்..."

"நடிக்காதே! இந்தா, நீயே ஒரு பக்கம் வாசி. எவ்வளவு கஷ்டமான புத்தகம்னு அவனுக்கும் தெரியட்டும்!"

புத்தகம் டார்லாவின் கைக்கு வந்தது. பொடி எழுத்து. ஒரு பக்கம் முழுக்க. அவள் விரல் தானாக முதல் வரியில் போய் நின்றது. உதடு அசைந்தது... சத்தம் வரவில்லை.

"அம்மாவை வாசிக்கச் சொல்லாதீங்க அத்தை!" என்று வீறிட்டாள் கோரா. "அம்மாவுக்கு... நான் வேகமா வாசிச்சா அம்மா விரல் பின்தங்கிடும். அதனாலதான் மெதுவா வாசிச்சேன். அதுவே பழகிடுச்சு. உங்ககிட்டயும் மெதுவாவே வாசிச்சேன். நல்லா வாசிச்சா, இவ தேறிட்டான்னு பள்ளிக்கூடத்துல விட்டுடுவீங்க. அப்புறம் அம்மாகூட யாரு உட்காருவா?"

டார்லா நாற்காலியில் சரிந்தாள். "எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

"முதல் வருஷத்துலேர்ந்தே."

முதல் வருஷத்திலிருந்தே... ஏழு வயதுக் குழந்தை! ஓட வேண்டிய பிள்ளை, அம்மாவுக்காக நாலு வருஷம் தவழ்ந்திருக்கிறாளே! மகளை வளர்க்கிறோம் என்றல்லவா இருந்தாள் அவள்... பாவி, பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

"கல்யாணமாகிப் பதினாலு வருஷம் டார்லா... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" வெண்டலின் குரல் உடைந்தது.

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பே. அந்த ரசீதுக்காரனைச் சொல்லி ஒரு வாரம் சிரிச்சியே... பக்கத்துல நானும்தான் இருந்தேன்."

அவனுக்கு யாரைச் சொல்கிறாள் என்று புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

பெர்னிஸ் சுவரில் சாய்ந்து நின்றாள். "என் வகுப்புலயும் வாய் மூடி உட்கார்ந்த பிள்ளைங்க இருந்தாங்க டார்லா. அடங்கின பிள்ளைங்கன்னு நினைச்சு அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டேன். வருஷா வருஷம். ஒருத்தியைக் கூட என்னன்னு கேக்கலை. இங்க வந்து உன்னையும்... என்னை மன்னிச்சிடும்மா." அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அழுகிறவளை இழுத்து அணைக்க டார்லாதான் எழ வேண்டியிருந்தது.

அன்று மாலை வீட்டுக் கல்விப் படிவத்தை டார்லா ஒதுக்கி வைத்தாள். பள்ளியில் சேர்க்கும் படிவத்தை வெண்டல் கம்ப்யூட்டரில் அச்செடுத்துத் தந்தான்.

"வேண்டாம்மா! இனிமே வேகமா வாசிக்கறேன். சத்தியமா! என்னை அனுப்பாதே!" என்று காலைக் கட்டிக்கொண்டாள் கோரா.

"நீ போகணும் கண்ணு. எனக்காக நீ மெதுவா வளர்ந்தது போதும்." சொல்லிவிட்டுக் கோராவின் கைகளைக் காலிலிருந்து விடுவித்தாள். செப்டம்பரிலிருந்து தனக்கு என்ன இருக்கிறது?

"நான் எழுதட்டுமா?" என்றான் வெண்டல்.

"இல்லை. இதை மட்டும் நான் எழுதறேன்."

பேர். வயது. வகுப்பு. ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். சாயங்காலக் கறவை நேரம் தாண்டிவிட்டது; கொட்டகையில் மாடுகள் கத்தத் தொடங்கின. வெண்டல் எழுந்து போகவில்லை.

வீட்டுக் கல்வியை நிறுத்தும் காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. 'மகள் என்னை' என்று எழுதினாள். பிறகு, பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"பெர்னிஸ்... 'தாண்டிவிட்டாள்'னு எப்படி எழுதணும்?"

பெர்னிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.