பட்டி பூசிய இடம்

பழைய பலகைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் கெட்டுப்போயிருந்தன, ஒன்றைத் தவிர. இடுக்கில் கம்பியை விட்டு நெம்பினால் மற்றவை தண்ணீரில் ஊறிய ரொட்டி போல உதிர்ந்தன. ஆணிகள் துருவாகக் கையோடு வந்தன. அடியிலிருந்து உப்பும் டீசலும் என்றோ செத்த மீனும் கலந்த வாடை கிளம்பித் தொண்டைவரை இறங்கியது. படகின் முன்பக்கத்து ஓரத்தில் இருந்த அந்த ஒரு பலகை மட்டும் உளுத்துப்போகவில்லை. தேய்ந்திருந்தது. எத்தனையோ பேர் ஏறி இறங்கிய கல்படி தேயுமே, அப்படி வழவழவென்று, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள். குதிகால் இருந்த இடம் ஆழமாக, விரல்கள் இருந்த இடம் மேலோட்டமாக.

அவன் குந்தி உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தான். படகில் நிற்கிறவன் வலையைப் பார்த்து நிற்பான், இல்லாவிட்டால் கடலைப் பார்த்து நிற்பான். இந்தக் கால்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே பார்த்து நின்றிருந்தன. நேர் எதிரே சுக்கான் பிடிக்கிறவனின் இருக்கை.

"எவனோ நின்னுக்கிட்டே தூங்கியிருக்கான் மாமா," என்றான் மச்சினன். அவன் மனைவியின் தம்பி. ஐஸ் பேக்டரியில் வேலை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் நேராகப் படகு நிற்கும் கொட்டகைக்கு வந்துவிடுவான். பலகையை இரண்டாக அறுத்து விறகோடு எறிந்தவனும் அவன்தான்.

படகு இருவருக்கும் பொது. வேலை பார்த்த துணிக்கடையை மூடிய பிறகு வேறு வேலை கிடைக்காமல் அவன் வீட்டிலேயே கிடந்தபோது, மச்சினன்தான் எங்கோ ஒரு தரகரிடம் இதைப் பிடித்துக் கொண்டுவந்தான். மேல்தளத்தை மாற்ற படகுத் தச்சரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது. மாமனார், மாமியார், மனைவி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். "பலகை அடிக்க ஒரு ஆளா? நானே போட்டுடுவேன்," என்று சொல்லிவிட்டான். வேலை இல்லாதவன் வாயில் அப்படித்தான் வரும்.

"நீங்க செஞ்ச கட்டில்ல புரண்டு படுத்தாலே பக்கத்து வீடு முழிச்சுக்குது," என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். காது மடல் சுட்டது.

அதனால்தான் உயிரைக் கொடுத்து வேலை செய்தான். குறுக்குச் சட்டங்களில் இற்றுப்போனவற்றை மாற்றினான், ஒவ்வொரு பலகையையும் அளந்து அறுத்து இழைத்து, துருப்பிடிக்காத திருகாணி போட்டு முறுக்கினான், பலகைகளுக்கு நடுவே பஞ்சுத் திரியைத் திணித்துத் தார் ஊற்றினான். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்தது. புது மரத்தின் மணம் கொட்டகையை நிறைத்தது. மச்சினன் ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டு, "மாமா, நிஜமாவே நீங்கதான் செஞ்சீங்களா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே இன்னொரு படகுக்கும் தளம் போடலாம் போலிருந்தது.

மறுநாள் காலை, முன்பக்கத்து ஓரத்தில், புதுப் பலகையில் ஒரு பள்ளம் இருந்தது. மட்டப்பலகை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அவன் உடம்பு கூசியது. இழைப்புளியை அழுத்திப் பிடித்துவிட்டோம், அவ்வளவுதான். யாரும் வருவதற்குள் அதைக் கழற்றிவிட்டு மிச்சமிருந்த பலகையை அறுத்துப் போட்டான். கழற்றியதைச் சாக்கில் சுற்றி ஒளித்தான்.

இரண்டாவது பலகையும் தேய்ந்தது.

மரம் சரியில்லை என்று நினைத்தான். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், பார்த்து வாங்கத் துப்பில்லை என்று நினைத்தான். மாற்ற வேறு பலகை இல்லை. குழிகளில் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பிரைமர் அடித்தான். அடுத்த நாள் பட்டி அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. மறுபடியும் வைத்தான். குழி இப்போது விரல் நுனி புதையும் ஆழம். குதிகால் எது, விரல் எது என்று பிரித்துச் சொல்லலாம். அப்போதும் அவனுக்குப் பயத்தைவிட முதலில் வந்தது வெட்கம்தான். இதை யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள்?

மனைவி படகைப் பார்க்க வந்தாள். செருப்பைக் கழற்றி ஏணியில் ஏறி, புதுத் தளத்தில் கால் வைத்து நின்றாள். "கட்டில் மாதிரி இல்லையே," என்றாள். கண்ணில் பெருமை. அப்படியே முன்பக்கமாக நடந்தாள்.

"அங்க நிக்காத."

அவன் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஏன், என்ன?"

"பெயிண்ட் காயல."

அவள் குனிந்து விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. இறங்கிப் போனாள்.

கடைசிப் பூச்சை மழைக்கு இருட்டிய ஒரு சாயங்காலம் அடித்தான். படகின் மேல் தார்ப்பாய் கூடாரமாக இறங்கியிருந்தது. ஒற்றை பல்ப் கம்பியில் ஆடியது. மழை தார்ப்பாயில் விழுந்து வடிந்து, கொட்டகையை ஒட்டிக் கடலுக்குப் போகும் கால்வாயில் சேரும் சத்தத்துக்கு நடுவே, பிரஷ் போகும் சரசரப்புக்குப் பொருந்தாமல் இன்னொரு சரசரப்பு கேட்டது. பிரஷ்ஷை நிறுத்தினான். அது நிற்கவில்லை. ஈரமான எதுவோ மரத்தில் மெல்லப் புரண்டு கொடுப்பது போல. வெகுநேரம் நிற்கிறவன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றிக்கொள்வது போல.

டீசல் வாடை இல்லை. பெயிண்ட் வாடை இல்லை. ஆழத்துத் தண்ணீரின் வாடை மட்டும்.

அவன் தலையைத் திருப்பினான்.

முன்பக்கத்தில் பெயிண்ட் பளபளத்தது. அதன் மேல்தோல் சுருங்கியது. ஒரு குதிகால் அழுந்தியது. பிறகு பாதம். பிறகு விரல்கள். ஒவ்வொன்றாக. பரந்து. ஊன்றி.

அங்கே யாரும் இல்லை.

டப்பா உருண்டது. அவன் ஏணியில் இறங்கினானா, குதித்தானா, தெரியாது. டீக்கடை வெளிச்சத்துக்கு வந்துதான் நின்றான். மச்சினன் அங்கே நண்பர்களோடு உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாமா, இப்படி மூச்சு வாங்குது?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சுற்றிலும் நாலைந்து முகங்கள், டீ கிளாஸ்களுக்கு மேலே, சிரிக்கத் தயாராக.

"நாய் துரத்திச்சு."

சிரித்தார்கள். மச்சினன் மட்டும் எழுந்து, அவன் முழங்கையில் வழிந்திருந்த பெயிண்டைத் தன் துண்டால் துடைத்துவிட்டான். "உக்காருங்க மாமா," என்றான்.

மறுநாள் பட்டப்பகலில் அந்தக் குழிகளுக்கு மறுபடி பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தான். படகைத் தண்ணீரில் இறக்கியாயிற்று. முதன்முதலாகக் கடலுக்குப் போக வேண்டிய காலையில், அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு காய்ச்சல் என்றான். மனைவி நெற்றியில் கை வைத்தாள். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. நெற்றி ஜில்லென்று இருப்பது அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

"நீங்க படுங்க மாமா," என்று வாசலிலிருந்து மச்சினன் குரல் கொடுத்தான். "நான் சும்மா ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வந்துடுறேன். உங்க டெக்கு, அதுல நான் மொதல்ல நிக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க."

"மாப்ள," என்றான் போர்வைக்குள்ளிருந்து.

"என்ன மாமா?"

என்ன சொல்வது? பலகை தேய்கிறது என்றா? நான் பட்டி பூசி மறைத்தேன் என்றா?

"பாத்துப் போ."

எஞ்சின் உறுமியது. கால்வாயைத் தாண்டியது. தேய்ந்து மறைந்தது. எழுந்து ஓடியிருந்தால் கரையிலிருந்து கத்தியிருக்கலாம் என்று அவன் பிறகு நினைத்தான். அப்போது அவன் செய்தது, சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தது. கட்டில் கிறீச்சிட்டது.

மத்தியானத்துக்கு மேல் வேறு படகுக்காரர்கள் அதை இழுத்துவந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம். படகு ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்ததாம். ஆள் இல்லை. கரையில் கூட்டம். மாமனாரை இருவர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மனைவி அழவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறிப் பாருங்க," என்றாள். "நீங்க போட்டதுதானே."

ஏறினான். சுக்கான் இருக்கையில் துண்டு மடித்து வைத்தபடி இருந்தது. வலை நனையவில்லை. தளம் முழுக்கப் பெயிண்ட் ஒரு கீறல் இல்லாமல் மின்னியது. அவன் கைவேலை. நல்ல வேலை.

முன்பக்கத்து ஓரம்.

பட்டி நொறுங்கி, பழைய இரண்டு குழிகள். அவற்றை ஒட்டி, தோளோடு தோள் நிற்கிற நெருக்கத்தில், இன்னும் இரண்டு. புதிது. பெயிண்ட் போய் மஞ்சள் மரம் தெரிந்தது. பல வருஷம் நின்று தேய்த்தது போன்ற ஆழம். ஓரங்களில் மாவாக மரத்தூள், காற்றில் இன்னும் பறக்காமல்.

கடலுக்கு முதுகு. முகம் உள்ளே.

"என்னங்க இருக்கு அங்க?"

"ஒண்ணுமில்ல."

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கழுத்தை எக்கினாள். இன்னும் இரண்டடி வந்தால் பார்த்துவிடுவாள்.

அவன் நகர்ந்தான். புதுக் குழிகள் இரண்டின் மேலும் தன் வெறுங்கால்களை வைத்து மறைத்தான். மரம் இளஞ்சூடாக இருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றான் மறுபடியும்.

பக்கத்தில் சரசரத்தது. அவன் திரும்பவில்லை. கடைக்கண்ணுக்குத் தெரிந்தது. வெயிலில் காய்ந்து கிடந்த பழைய குழிகள் கறுத்தன. குதிகாலில் தண்ணீர் ஊறியது. பிறகு விரல்களில். ஒவ்வொன்றாக.

மனைவி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவன் கால்களையே பார்த்தாள்.

"தள்ளுங்க," என்றாள்.

அவன் நின்றான்.

அவன் பாதங்களுக்கடியில் மரம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.