காய்ச்சல் இல்லாத வீட்டில் பிரெட்

வஜிஹா பிரெட் வாங்கி வந்ததைத் தெருவே பார்த்தது. அந்தக் காலத்தில் ஓசூரில் எங்கள் தெருப்பக்கம் காய்ச்சல்காரர்களுக்குத்தான் பிரெட் வாங்குவார்கள். பள்ளிக்கூடத்துச் சோதனைக்கு என்று அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஊசிக்குப் பயந்து காய்ச்சலை மறைக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

சோதனை இதுதான். ஒரு பிரெட் துண்டில் வேப்பிலைச் சாறு, ஒன்றில் சீமை அகத்திச் சாறு, இன்னொன்றில் வெறும் தண்ணீர் தடவித் தட்டுகளில் மூடி வைக்க வேண்டும். தண்ணீர்த் துண்டில் பூசணம் பிடித்து, சாறு தடவியதில் பிடிக்காமல் இருந்தால், சாறு பூசணத்தைத் தடுக்கிறது என்று அர்த்தம். சோதனை சரியாக வந்தால்தான் பள்ளிக் கண்காட்சியில் மேசை கிடைக்கும் என்று தங்கமணி டீச்சர் சொல்லியிருந்தார்.

தண்ணீர்த் துண்டில் மட்டும் பச்சைப் பச்சையாகப் பூசணம் பிடித்தது. வஜிஹாவுக்கு ஒரே சந்தோஷம்.

கண்காட்சி அன்று காலையில் மூடியைத் திறந்தாள். தண்ணீர்த் துண்டு வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஊறுகாய்ப் பூசணத்தை எடுத்துத் தடவிவிடு, யாருக்குத் தெரியும் என்றான் அண்ணன் அக்பர். அவள் கேட்கவில்லை. துண்டைத் தொட்டுப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. பழைய பிரெட் இப்படி இருக்காதே. யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் வந்து போனதாக அம்மா சொன்னார். வஜிஹா அங்கே ஓடினாள்.

"நான்தான் மாத்துனேன் கண்ணு. காய்ச்சக்காரப் புள்ளைக்கிப் பூசணம் புடிச்சதையா குடுப்பாங்க? கடைக்கிப் போயி வேற வாங்கியாந்து வெச்சேன்."

"எனக்குக் காய்ச்சலே இல்ல அத்தே."

"நீ அப்புடித்தான் சொல்லுவ."

வஜிஹாவுக்கு அழுகை முட்டியது. ஆனால் அத்தை தன் கைக்காசில் அல்லவா வாங்கி வைத்திருக்கிறார். அழுகையை விழுங்கிக்கொண்டு, பழைய துண்டு எங்கே என்று மெதுவாகக் கேட்டாள்.

"கோழிக்குப் போட்டுட்டேன்."

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தாள். இருந்தாலும் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தாள். கோழிக்கூடைக்குப் பக்கத்தில் துண்டு முழுசாகக் கிடந்தது. கோழிகள் அதைச் சுற்றி நடந்தன. ஒன்றுகூடக் கொத்தவில்லை.

"அதுங்களுக்கே புடிக்கல பாரு" என்றார் ஜோதியம்மாள்.

வஜிஹா அதைப் பதமாகக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

பள்ளியில் டீச்சரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். டீச்சர் மூன்று துண்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூசணத்தில் ஒரு கோழி இறகு ஒட்டியிருந்தது.

"கோழியும் சோதன பண்ணிருச்சா? சரி, ஜன்னலோர மேசைய எடுத்துக்க."

சாயங்காலம் ஜோதியம்மாள் மிச்சமிருந்த பிரெட்டைக் கொண்டுவந்தார். டீயில் தொட்டுத் தொட்டு எல்லோரும் தின்றார்கள்.

காய்ச்சல் இல்லாமல் தின்றால் பிரெட் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று வஜிஹாவுக்கு அன்றுதான் தெரிந்தது.