போடாத குறி

மறந்து விட்டுவந்த ஸ்பேனரை எடுக்கத்தான் அவன் மறுபடியும் வண்டிக்கடியில் நுழைந்தான். ஷெட்டின் தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. மத்தியானம்தான் என்றாலும் மேகமூட்டத்தில் வெளிச்சம் பழைய துணிபோல வெளிறிக் கிடந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கிரீஸும் மண்ணெண்ணெயும் ஈரச் சிமெண்டும் கலந்த வாடையை மூக்கால் இழுத்தபடி, முதுகாலேயே தரையைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே போனான். ஸ்பேனர் கிடைத்தது. கூடவே ஒரு வெள்ளைக் கோடும் கண்ணில் பட்டது. கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்ட்டில், இரண்டு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடத்தில், பிரஷ்ஷால் இழுத்த மாதிரி, விரல் அகலத்துக்கு ஒரு கோடு.

அது அவன் போட்டதல்ல. அவன் போட்டிருக்க வேண்டியது.

வண்டி மச்சானுடையது, அதாவது அவன் மனைவியின் அண்ணனுடையது. வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கிப் பிழைப்பு நடத்தும் பழைய பிக்கப். கொஞ்ச நாளாகக் கியர் மாற்றும்போதெல்லாம் அடியில் ‘டொக்’கென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கிற, சிலுவை மாதிரியான கிராஸ் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். வண்டியை அங்கேயே விட்டிருக்கலாம். நம் ஆள் விட்டால்தானே. இவனுக்கு வேலை வண்டி உதிரிபாகக் கடையில். எந்த வண்டிக்கு எந்த நட்டு, அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். தெருவில் பெயரே பார்ட்ஸ்காரர்தான். ஆனால் அதுவரை எந்த வண்டிக்கடியிலும் அவன் முதுகு பட்டதில்லை. மாமியார் வீட்டில் மட்டும் அவன் பெரிய மெக்கானிக். அவனாக அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள், இவன் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். போன வாரம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பட்டறைப் பேச்சு வர, இதற்கெல்லாமா பட்டறைக்குப் போவது, நான் எதற்கு இருக்கிறேன் என்று வாயை விட்டான். மனைவிக்கு அன்றைக்குப் பெருமையில் முகம் ஒரு சுற்றுப் பெருத்தது.

காலையில் ஷெட்டின் தரையில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டுதான் தொடங்கினான். கழற்றக் கழற்ற ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தான். முதலில் கழற்றியது இடது ஓரத்தில். அப்படி வைத்தால் மாட்டும்போது தடுமாற்றம் வராது என்று கடைக்கு வரும் மெக்கானிக்குகள் சொல்லிக் கேட்டிருந்தான். அவர்கள் சொல்லும் இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். எதையும் பிரிப்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு குறி போட்டுக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும். இடம் மாறிச் செருகினால் ஷாஃப்ட் ஓட்டத்தில் உதறும்; உதறி உதறிக் கழன்று, முன்முனை ரோட்டில் குத்தினால் வண்டி அப்படியே எழும்பிக் கவிழ்ந்துவிடும். எல்லாம் தெரியும். இரண்டு பாதிகளும் தனித்தனியாகக் கைக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

குத்துமதிப்பாகச் செருகினான். தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தான். மெதுவாகப் போனவரை ஒன்றுமில்லை. கொஞ்சம் அழுத்தியதும் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பி, தொடை வழியாக ஏறி, பல்லில் வந்து நின்றது. காலை எடுத்துவிட்டான். திரும்பி வந்து அருமையாக இருக்கிறது என்றான்.

மச்சான் சும்மாதான் கேட்டார். பட்டறைக்காரன் எதையோ சொல்லியிருப்பான், அதை ஒப்பித்தார்.

“குறி போட்டுத்தானே மாப்ளே கழட்டுனீங்க?”

“போடாம இருப்பேனா?” என்று இவன் சிரித்தான்.

மச்சான் அவன் முதுகில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனார். சந்தேகப்படத் தெரியாத மனிதர். அந்தத் தட்டு அவனுக்கு இன்னும் முதுகில் வலித்துக்கொண்டிருந்தது.

இப்போது டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கோட்டைப் பார்த்தான். முன்பாதியில் கோட்டின் ஒரு துண்டு. பின்பாதியில் மறு துண்டு. இரண்டும் சேரவில்லை. கால் சுற்று விலகி நின்றன. யார் போட்டார்களோ, சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். தப்பாக மாட்டியது அவன்தான் என்பதைக் கோடு விரல் நீட்டிச் சொன்னது. இறக்கிக் கால் சுற்று திருப்பி மாட்டினால் தீர்ந்தது. கொஞ்ச நேர வேலை. ஆனால் வாசலில் மச்சான் பைகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டார். அவரோடு இவன் மனைவியும் மகளும் மாமியார் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். நெடுஞ்சாலை, அதற்கப்புறம் மலைப்பாதை. இப்போது இறக்க வேண்டும் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். வேலைக்குக் கை தயாராக இருந்தது. அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. நினைக்கும்போதே காது சுட்டது.

மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக் கோட்டைத் துடைத்தான்.

பெயிண்ட்டாக இருந்தால் தேய்க்க வேண்டியிருக்கும். இது உடனே வந்துவிட்டது. இளஞ்சூடாக இருந்தது. விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தான். தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்தில் வருமே, அந்த வாடை. அவசரமாகப் பின்னுக்கு நகர்ந்து வெளியே வந்தான். துணியைச் சுருட்டிப் போட்டான், பெட்ஷீட்டை மடித்து மூலையில் வைத்தான், ஷெட்டின் கதவைச் சாத்தினான்.

கதவின் கீலில், பலகையையும் நிலையையும் சேர்த்து, ஒரு வெள்ளைக் கோடு.

பிரமை என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு கொல்லைக் குழாயில் கை கழுவப் போனான். திருகைத் தொட்ட விரல் நின்றது. திருகுக்கும் குழாய்க்கும் நடுவில், விரல் அகலத்துக்கு, நேராக. சமையலறையில் மனைவி ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஃப்ளாஸ்க்கின் மூடியிலும் கழுத்திலும் அதே கோடு. நாற்காலியின் காலும் சட்டமும் சேருமிடத்தில். நின்றுபோயிருந்த மேஜை விசிறியின் இறக்கையும் குமிழும் சேருமிடத்தில். பிரிக்கக்கூடியது எதுவோ அதிலெல்லாம். வீட்டை யாரோ பொறுமையாக, ஒன்றையும் விடாமல், வேலை தெரிந்த கையால் சுற்றி வந்திருந்தார்கள்.

என்ன முகமெல்லாம் இப்படி வெளுத்துக் கிடக்கிறது என்று மனைவி கேட்டாள். மழையில் நனைந்ததுதான் என்றான். அவள் சிரித்துக்கொண்டே, அண்ணன் உங்களைப் பற்றி அம்மாவிடம் போனில் ஒரே புகழ்ச்சி, ராத்திரி அங்கே உங்கள் பேச்சுதான் ஓடும் என்றாள். சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தவன், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். இந்த ஒரு சிரிப்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இவ்வளவும் என்று நினைத்தபோது தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஷெட்டிலிருந்து சத்தம் கேட்டது. ‘டொக்.’

வண்டியின் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மழை ஒரு நொடி அடங்கி, மறுபடியும் பிடித்துக்கொண்டது.

‘டொக்.’

மகள் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தலையில் சிவப்பு கிளிப் கோணலாகத் தொங்கியது. அவன் குனிந்து அதைச் சரிசெய்யப் போனபோது அவள் கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டில், உள்ளங்கையையும் கையையும் சேர்த்து, வெள்ளையாக ஒன்று. சட்டைக் கையை ஒதுக்கிப் பார்த்தான். முழங்கை மடிப்பில் ஒன்று. பாவாடைக்குக் கீழே முழங்காலில் ஒன்று, கணுக்காலில் ஒன்று.

“யாரும்மா போட்டது இது?”

அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

“நீங்கதானேப்பா போட்டீங்க. தூங்குறப்ப வந்து உக்காந்து போட்டீங்களே. கழட்டுறதுக்கு முன்னாடி போடணும்னு சொன்னீங்களே.”

சோப்புப் போட்டுத் தேய்த்தான். தோல் சிவந்தது, அவள் அழுதாள், கோடு போகவில்லை. அழுகைச் சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். எங்கே கோடு, என்ன கோடு, ஒன்றுமில்லாததற்கு இப்படியா பிள்ளையின் தோலை உரிப்பது என்று கத்தினாள். அவள் கண்ணுக்கு எதுவும் படவில்லை. அவன் கண்ணுக்குப் பட்டது. குழந்தையின் முகவாயிலிருந்து தொண்டைக்கு இறங்கும் கோடு, அவள் விக்கும்போதெல்லாம் லேசாக அசைந்தது.

வாசலில் ஹாரன். வண்டியை மச்சான் எப்போது ஷெட்டிலிருந்து எடுத்தார் என்றே தெரியவில்லை. பைகளுக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. முன் இருக்கையில் மனைவி, மடியில் மகள். அவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மழை தலையில் கொட்டியது. மச்சான் ஸ்டியரிங்கில் வைத்திருந்த கையின் ஒவ்வொரு விரல் மூட்டிலும் வெள்ளை. மனைவி ஈரக் கூந்தலை அள்ளி முடிந்தபோது பிடரியில் வெள்ளை.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். மச்சானின் முகத்தில் நன்றி அப்பட்டமாகத் தெரிந்தது. அதுதான் அவன் வாயை அடைத்தது. பயம் இல்லை. அந்த நன்றி. இப்போது சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்தான். நினைத்த அந்தக் கணத்திலேயே கூனிக் குறுகிப்போனான்.

“மெதுவா போங்க மச்சான்” என்று மட்டும் சொன்னான்.

“நீங்க பாத்த வண்டி மாப்ளே. பறக்கும்.”

வண்டி நகர்ந்தது. தெருவைத் தாண்டியது. பெரிய ரோட்டில் திரும்பி வேகமெடுத்தபோது ரீங்காரம் எழுந்ததை வாசலில் நின்றபடியே கேட்டான். தொடையில் ஏறியது. பல்லில் வந்து நின்றது. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் அது குறையவில்லை. கூடிக்கொண்டே போனது.

போனை எடுத்தான். விரல் வழுக்கியது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்கள்.

“மச்சான். வண்டிய நிறுத்துங்க. நான் குறி போடல. பொய் சொன்னேன். எனக்கு இந்த வேலையே தெரியாது. நிறுத்துங்க, கால்ல விழறேன்.”

சொல்லிவிட்டான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி ஒரு நிம்மதிகூட வந்தது.

போனில் ரீங்காரம் மட்டும். பிறகு யாரோ சிரித்தார்கள். தெரிந்த சிரிப்பு.

“போடாம இருப்பேனா?”

அவனுடைய குரல்.

லைன் அறுந்தது. ரீங்காரமும் நின்றது. தெருவிலும், காதிலும், பல்லிலும். மழை மட்டும்.

ஷெட் திறந்து கிடந்தது. கதவு கீலிலிருந்து கழன்று, சுவரோரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே போனான். மண்ணெண்ணெய் வாடை. மூலையில் மடித்து வைத்த பெட்ஷீட், வண்டி நின்ற இடத்தில் விரித்துக் கிடந்தது. இடது ஓரத்தில், முதலாவதாக, சிவப்பு கிளிப். கழுவித் துடைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் சின்னச் செருப்பு ஒன்று. வார் தனியாக, அடி தனியாக. இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மீதித் துணியைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டிருந்தார்கள். நிறைய இடம் விட்டிருந்தார்கள்.

அவன் தன் கையைப் பார்த்தான். சுருட்டிப் போட்ட அந்த மண்ணெண்ணெய்த் துணி அதில் இருந்தது. ஈரமாக.