வாங்கோ அண்ணை, வாங்கோ

தியாகராஜாவின் குரல் அன்று மூச்சு வாங்கவில்லை.

"வாங்கோ அண்ணை, வாங்கோ... பதினைஞ்சு பெட்டித் தூரம்... வாங்கோ..." என்று எஞ்சின் அறை ரேடியோவில் அது ஒழுகிக்கொண்டே இருந்தது. வழக்கமாக நான்கு 'வாங்கோ'வுக்கு ஒருமுறை நெஞ்சைக் கிழிக்கிற ஒரு இருமல் வரும், பிறகு காறித் துப்புகிற சத்தம், பிறகு "மன்னிக்கோணும் அண்ணை". இன்று அது எதுவுமில்லை. டிரைவர் பாலேந்திரா கவனித்தார். கவனித்து, உதட்டைச் சுழித்தார். மனுசன் ஒருவழியாகச் சிகரெட்டை விட்டுவிட்டான் போலிருக்கிறது.

மார்கழி மாதம், பிற்பகல் மூன்றரை மணி. பார்க்கிங் என்ற ஊருக்குத் தெற்கே, தேம்ஸ் ஆற்றை ஒட்டிய சரக்கு ரயில் முற்றத்தை மூடுபனி விழுங்கியிருந்தது. ஆற்றுச் சேற்றின் புளித்த மணமும் டீசல் புகையும் நனைந்த கல்தூசும் கலந்து, ஈரத் துணியை முகத்தில் போட்டது போல ஜன்னல் வழியே உள்ளே வந்தன. எஞ்சினுக்குப் பின்னால் கல் ஏற்றுகிற இருபத்திரண்டு வெற்றுப் பெட்டிகள். அவற்றைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய், பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் பழைய பெட்டிகளோடு சேர்க்க வேண்டும். கண்ணாடியில் மூன்று பெட்டி தெரிந்தது. நான்காவது சாம்பல். ஐந்தாவது இல்லவே இல்லை.

தள்ளுகிறவருக்குக் கண் கிடையாது. கடைசிப் பெட்டியோடு நடந்துவரும் ஆளின் குரல்தான் கண். அந்த ஆள் வாய் மூடாமல் பேச வேண்டும். குரல் நின்றால் டிரைவர் அந்த இடத்திலேயே பிரேக் போட வேண்டும். இருபத்தொரு வருடமாக மாறாத விதி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மாறிவிட்டது. அரசாங்கம் கம்பனியைத் தனியாருக்கு விற்றது, அவர்கள் இன்னொருவருக்கு விற்றார்கள், அவர் ஏதோ ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார். ஒவ்வொரு தடவையும் பாலேந்திராவுக்குப் புது நிறத்தில் ஒரு ஜாக்கெட் வந்தது. எஞ்சின் மட்டும் அதே எஞ்சின், அதே இடத்தில் எண்ணெய் ஒழுக்கு. கடைசியாக வந்த ஜாக்கெட்டின் முதுகில் 'எல்லோரும் பத்திரமாக வீடு திரும்புவோம்' என்று அச்சடித்திருந்தார்கள். அது வந்த மாதம்தான் பெட்டிகளோடு நடக்கிற இரண்டு பேரில் ஒருவரைக் குறைத்தார்கள்.

காலையில் தேநீர் அறையில் தியாகராஜா அதைப் பற்றித்தான் கேட்டார். அறுபது வயது. ஏஜென்சி மூலம் வேலைக்கு வருகிறவர்.

"அண்ணை, இந்தப் பனிப்புகாருக்குள்ளை தனிய ஏலாது. நான் சொன்னால் ஏஜென்சிக்காரன் நாளைக்கு வர வேண்டாம் எண்டிடுவான். நீங்கள் கம்பனி ஆள். நீங்களும் ஏலாது எண்டு ஒரு வார்த்தை சொன்னால் இன்னொரு ஆளைத் தருவாங்கள்."

"உமக்குப் பயம் எண்டால் வீட்டை இரும்," என்றார் பாலேந்திரா, கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இல்லாட்டி லூயிஷாம் கோயில் வாசலிலை நிண்டு செருப்புக்கு டோக்கன் குடும். அதுக்கு ஆள் தேவையாம்."

தியாகராஜா சிரிக்க முயன்றார். பிறகு கையுறைகளை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"பத்துப் பெட்டி... வாங்கோ... வாங்கோ..."

பாலேந்திரா விசையைச் சற்றுக் கூட்டினார். சக்கரங்கள் முனகின. ரேடியோ எண்ணிக்கொண்டே வந்தது: அஞ்சு. நாலு. மூண்டு. ரெண்டு. ஒண்டு. இருக்கையின் அடியில் ஒரு சின்ன முட்டு தட்டுப்பட்டது. இரும்பும் இரும்பும் மோதினால் எலும்புவரை ஒரு 'டங்' ஏறும். இது அப்படி ஏறவில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் துணி அகப்பட்டது போல ஒரு மெத்தென்ற தடை, அவ்வளவுதான்.

பெட்டிகள் சேர்ந்துவிட்டன. இனி "நில்லுங்கோ" வர வேண்டும்.

"வாரும்," என்றது குரல்.

அவருடைய கை விசையிலேயே இருந்தது. என்ன சொன்னான்? பத்து வருடமாக 'வாங்கோ' சொல்கிறவன் இன்று 'வாரும்' என்கிறானா?

"தியாகராஜா, நில்லும். முட்டியாச்சு. என்ன கணக்குச் சொல்லுறீர்?"

"பத்துப் பெட்டி. வாரும். ஒம்பது. வாரும்."

"உமக்கென்ன விசரோ? நான் கேக்கிறது விளங்கேல்லையோ?"

"எட்டு. வாரும். ஏழு."

பதில் சொல்லவும் அது நிற்கவில்லை, கேட்கவும் நிற்கவில்லை. மூச்சுக்குக்கூட இடைவெளி விடவில்லை. எஞ்சின் முக்கியது. அவர் விசையை அணைத்துப் பிரேக்கை முழுதாக இழுத்தார். இருபத்திரண்டு பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீறி அடங்கின. முற்றம் முழுவதும் அமைதி. ரேடியோவில் மட்டும், ஆற அமர, "வாரும்".

கைபேசி அடித்தது. மேலாளர் ஜெரோசன். இங்கேயே பிறந்து வளர்ந்த பையன், இருபத்தொன்பது வயது, வெம்பிளியில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிறவன்.

"அங்கிள், நீங்க மூவ் பண்ணுறீங்களா? ஸ்கிரீனிலை காட்டுது."

"முடிஞ்சுது. உம்மடை ஆளுக்குத்தான் இண்டைக்கு நிப்பாட்டத் தெரியேல்லை."

"எந்த ஆள்? தியாகராஜா அங்கிள்ட ரேடியோ மூண்டு மணிக்கே ஓஃப். பற்றறி செத்துட்டுது எண்டு மெசேஜ் போட்டவர். புதுசு நாளைக்குத்தான் வரும், லைட்டாலை சிக்னல் காட்டுங்கோ எண்டு சொன்னனான்."

பாலேந்திரா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "இந்தப் பனிப்புகாருக்குள்ளை லைட்டோ?"

"ஃபோர்காஸ்ட்டிலை கிளியர் எண்டுதானே போட்டிருந்தது."

"எனக்கு ஆர் சொன்னது ரேடியோ இல்லையெண்டு? ஆர் சொன்னது?"

"ஈமெயில் போட்டனான் அங்கிள்." பிறகு, தயங்கியபடி, "அங்கிள்... உங்களுக்குப் பக்கத்திலை ஆர் கதைக்கிறது?"

"ரெண்டு," என்றது ரேடியோ. "ஒண்டு. வா."

அவர் அதன் ஒலியைக் கடைசிவரை குறைத்தார். "வா." பொத்தானை அணைத்தார். பச்சை விளக்கு அணைந்தது. "வா."

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். எதற்காக இறங்குகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த அறையில் அந்தக் குரலோடு இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. சரளைக் கல் காலடியில் நொறுங்கியது. டார்ச் வெளிச்சம் இரண்டடிக்கு மேல் போகாமல் பால் போலத் திரைந்து நின்றது. பெட்டிகளின் பக்கவாட்டு இரும்பைத் தடவிக்கொண்டே நடந்தார். ஒன்று. இரண்டு. எஞ்சினில் விட்டு வந்த குரல் தேய்ந்து போக வேண்டும். தேயவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்தது, ஏழாவது பெட்டியில் பக்கவாட்டுக்கு வந்தது. பன்னிரண்டாவதில் முன்னால் போய்விட்டது.

"வா."

"தியாகராஜா!" அவருடைய கத்தல் பஞ்சில் குத்திய மாதிரி அடங்கியது. "ஐயா, தியாகராஜா!"

பதினேழு. பதினெட்டு. சிகரெட் மணம். இருபது. பிறகு வேறொரு மணம், சூடானது. கறிக்கடையில் காலை நேரம் அடிப்பது.

இருபத்திரண்டு.

ஒரு சிவப்பு விளக்கு ஆடிக்கொண்டிருந்தது.

இடம். வலம். இடம். வலம். நில், நில் என்று சொல்லுகிற அசைவு.

தியாகராஜா நின்றுகொண்டிருந்தார். பெட்டிகள் முட்டிக்கொள்ளும் இரும்புத் தட்டுகள் இரண்டும் அவருடைய மார்பில் சந்தித்திருந்தன. தொப்பி கழன்றிருக்கவில்லை. கால்கள் தரையில் படவில்லை. வாய் இறுக மூடியிருந்தது. கண்கள் திறந்து, பாலேந்திரா வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தன. வலது கை மட்டும் உயர்ந்து, விளக்கை ஆட்டியது.

"நிண்டுட்டன்," என்றார் பாலேந்திரா. "நான் நிண்டுட்டன் அண்ணை. போதும்."

தன்னை விட எட்டு வயது மூத்தவரை அவர் அண்ணை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்தார். இரும்பின் குளிர். நாடி இல்லை. கை நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். அது அவருடைய கைகளையும் இழுத்துக்கொண்டு ஆடியது. இடம். வலம்.

குரல் நின்றிருந்தது. எப்போது நின்றது?

பெட்டிகளைப் பிரிக்க வேண்டும். யாரையாவது கூப்பிட வேண்டும். அவர் வாயைத் திறந்தார், உதவி என்று கத்த.

"வா," என்றது அவருடைய வாய்.

உதட்டைக் கடித்தார். பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவிலிருந்து வந்தது. "வா." தொண்டையைப் பிடித்தார். "வா. வா."

தூரத்தில், ஆளில்லாத எஞ்சின் செருமியது. ஒவ்வொரு பெட்டியாக இரும்புத் தட்டுகள் முட்டிக்கொள்கிற சத்தம் மூடுபனிக்குள் நெருங்கி வந்தது. சக்கரங்கள் ஒரு சாண் உருண்டன. பிறகு இன்னொரு சாண்.

பாலேந்திரா கூப்பிட்டுக்கொண்டே நின்றார். அவருடைய முகத்துக்கு நேரே, செத்தவரின் கையில் சிவப்பு விளக்கு நில், நில், நில் என்று ஆடிக்கொண்டிருந்தது.