லேப்டாப்பின் நெற்றி

“இந்த லேப்டாப்பை யாராச்சும் தொட்டீகளா?”

அழகுத்தாய் அக்கா கேட்டதும் ஜீவிதா இல்லை என்று தலையாட்டினாள். அப்போது அது பொய் இல்லை. லேப்டாப்பைத் தொடுவது என்றால் விசைகளைத் தட்டுவது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அன்று விஜயதசமி. மாலை நான்கு மணிக்கு ஜீவிதாவின் அம்மா ஹேமலதா, தங்கள் தறியில் நெய்த புடவைகளை நேரலையில் காட்டி விற்க வேண்டும். தீபாவளிக்கு முன் அதுதான் அவர்களுக்குப் பெரிய விற்பனை. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வாடிக்கையாளர்கள் காத்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தார்கள். மணி மூன்றாகிவிட்டது. அம்மாவின் முகம் தெரிய வேண்டிய கட்டத்தில் வெறும் இருட்டு.

அழகுத்தாய் திருச்சுழிப் பக்கத்துக்காரி. அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. முந்தாநாள் ஒத்திகை பார்த்தபோது படம் திக்கித் திக்கி நின்றது. அவள்தான் வந்து கிராபிக்ஸ் டிரைவரை மாற்றிப் புதிதாகப் போட்டாள். கம்ப்யூட்டர் படங்களைச் சரியாகக் காட்ட உதவும் மென்பொருளுக்கு அந்தப் பெயர். மாற்றியதும் படம் தண்ணீராக ஓடியது. அம்மா அவளுக்குப் பணியாரம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

நேற்று ஆயுத பூஜை. இன்று இந்த இருட்டு.

அழகுத்தாய் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். வேறு ஏதாவது செயலி கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா? இல்லை. கேமராவுக்கு அனுமதி இருக்கிறதா? இருந்தது. நேரலை மென்பொருளில் கேமராவை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தாள். லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

“கேமரா லைட்டு எரியுதுக்கா. படந்தான் வரமாட்டேங்குது” என்று அம்மாவிடம் சொன்னாள். அவள் மூக்கின் மேல் வியர்வை பூத்திருந்தது.

கதவோரம் நின்றிருந்த அப்பா சென்னகேசவன் சிரித்துக்கொண்டே சொன்னார். “டிரைவரை மாத்துன, வண்டி கவுந்துருச்சு பாத்தியாம்மா.”

யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அவர் அம்மாவிடம் தெலுங்குக்கு மாறினார். அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். வெளியாட்களிடம் தமிழ். வெளியாளைப் பற்றியே பேச வேண்டுமென்றால் அந்த ஆள் எதிரிலேயே தெலுங்கு. இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியவில்லை, மதுரையிலிருந்து ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும், இனிமேல் இவளை வரச் சொல்லாதே என்றார் அப்பா. நடுவில் டிரைவர் என்ற சொல் மட்டும் மூன்று முறை வந்தது. அழகுத்தாய் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் தட்டிக்கொண்டிருந்த அவள் விரல் நின்றுவிட்டது.

ஜீவிதாவுக்குக் காது சுட்டது.

கடைசியில் அழகுத்தாய் பழைய டிரைவரையே திரும்பப் போட்டாள். லேப்டாப் மறுபடி உயிர் பெறுவதற்குள் முகம் கழுவிவரக் கொல்லைப்புறம் போனாள். அம்மா புடவைகளை எடுக்க உள்ளே போனாள். அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார்.

ஜீவிதா தனியாக லேப்டாப்பின் முன் நின்றாள். நேரலை மென்பொருள் தானாகத் திறந்திருந்தது; அம்மாவின் கட்டம் இன்னும் இருட்டுதான். திரைக்கு மேலே கேமராவின் பச்சை லைட் கடுகளவு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு. சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

நேற்றுச் சந்தனக் கிண்ணம் அவள் கையில்தான் இருந்தது. தறிக்கு வைத்தாள். தையல் மிஷினுக்கும் மிக்சிக்கும் அப்பாவின் பைக்குக்கும் வைத்தாள். லேப்டாப்பைத் திறந்து, இதற்கு நெற்றி எது என்று யோசித்து, மேலே நட்டநடுவில் தடியாக ஒரு பொட்டு வைத்தாள். அதன் கண்ணும் அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. காயும்வரை மூட வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னதும் அவள்தான்.

காலையிலிருந்து எல்லோர் கண்ணிலும் அந்தப் பொட்டு பட்டது. வீட்டில் எல்லாவற்றிலும் பொட்டு இருந்ததால் யாரும் அதை யோசிக்கவில்லை. பூஜையில் வைத்த பொட்டை யாரும் துடைக்கவும் மாட்டார்கள்.

ஜீவிதா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பாவாடை நுனியைத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடைத்தாள். திரை சட்டென்று வெளுத்தது. திருட்டு முழி முழித்துக்கொண்டு அவள் முகமே பெரிதாக அங்கே தெரிந்தது. பயந்து விலகினாள்.

அப்பா உள்ளே வந்தார். “பழசைப் போட்டதும் படம் வந்துருச்சு பாரு. அப்ப நீ போட்ட புதுசுதான் கோளாறு.”

கொல்லையிலிருந்து வந்த அழகுத்தாய் முகத்தில் நீர் சொட்டச் சொட்ட நின்றாள். “என் தப்புதான் அண்ணாச்சி” என்றாள்.

துடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜீவிதா நினைத்திருந்தாள். இப்போது அவள் தப்பு முழுசாக அந்த அக்காவின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அம்மா ஒரு புடவையை விரித்துக் காட்டிப் பார்த்தாள். படம் பழையபடி திக்கியது. அம்மாவின் கை ஒரு பக்கம் போனது, புடவை இன்னொரு பக்கம் நின்றது. புது டிரைவரை மறுபடி போடட்டுமா என்று அழகுத்தாய் தயங்கித் தயங்கிக் கேட்டாள். இனி அதில் கையே வைக்கக் கூடாது என்றார் அப்பா. மணி மூன்று இருபத்தைந்து.

ஜீவிதா அம்மாவை ஒட்டி நின்று, “அம்மா, அந்தப் பொட்டு...” என்று தெலுங்கில் முணுமுணுக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். திட்டியதுதான் தெலுங்கில் நடந்தது. இதையுமா அந்த அக்காவுக்குப் புரியாமல் சொல்வது?

அவள் அழகுத்தாயின் பக்கம் திரும்பினாள். தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“அக்கா, உங்க மேல தப்பில்ல. நேத்து பூஜையில நான்தான் கேமரா மேல பொட்டு வச்சுட்டேன். இப்ப யாருக்கும் தெரியாம நானே தொடச்சேன். அதான் படம் வந்துச்சு. டிரைவரால இல்ல.”

மஞ்சள் கறை படிந்த பாவாடை நுனியைத் தூக்கிக் காட்டினாள். அதற்கு மேல் தலையைத் தூக்க முடியவில்லை.

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்குத் தமிழும் வரவில்லை, தெலுங்கும் வரவில்லை. அழகுத்தாயிடம், “நீ புதுசையே போட்டுரும்மா” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

நான்கு மணிக்கு அம்மா நேரலையில் முதல் புடவையை விரித்தாள். படம் தண்ணீராக ஓடியது.

நேரலை முடியும்வரை வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. பூஜை விடுமுறையால் தெருவில் தறிச் சத்தமும் இல்லை. வாசலில் உட்கார்ந்து சந்தனக் கிண்ணத்தைக் கழுவப்போன ஜீவிதாவின் முன் இரண்டு கால்கள் வந்து நின்றன. நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் மூக்குக்கு நேராக ஒரு ஸ்குரூடிரைவர் நீண்டது. கைப்பிடி அவள் பக்கம் இருந்தது.

இதற்கும் ஒரு பொட்டு கேட்கிறாள் அக்கா என்று ஜீவிதாவுக்குப் புரிந்தது. கிண்ணத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை வழித்து, கைப்பிடியில், ஓரமாக, மிகச் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள்.

அழகுத்தாய் ஸ்குரூடிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுனியில் சந்தனம் பட்டிருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு சோதித்தாள். உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, உள்ளே சத்தம் கேட்டுவிடாதபடி, ஸ்கூட்டியைக் கிளப்பாமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனாள்.