இடது சீட்டின் பெல்ட்

பானெட் சூடாக இருந்தது.

டிரேவர் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். ஓடி நின்ற எஞ்சினின் சூடு அவனுக்குத் தெரியும். இது அது இல்லை. ஜுரம் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டால் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த மாதிரி ஒரு சூடு.

"கோவிந்தப்பா, காலைல யாராச்சும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாங்களா?"

அபார்ட்மென்ட் செக்யூரிட்டி கோவிந்தப்பா, நனைந்த குடையை உதறிக்கொண்டே தலையை ஆட்டினார். "வண்டி சாவி என் டிராயர்ல, டிராயர் சாவி என் இடுப்புல. ஓனர் துபாய்ல. நாலு மாசமா இங்கேயேதான் சார் தூங்குது. யார் வந்து ஸ்டார்ட் பண்ணுவாங்க, பேயா?"

சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். பேஸ்மென்டின் இரண்டாவது தளத்தில் அந்தச் சிரிப்பு நாலு தூணில் மோதிவிட்டுத் திரும்பி வந்தது. பிறகு சாவியை டிரேவர் கையில் வைத்துவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்.

மணி மூன்றரை. வியாழக்கிழமை. மேலே எலெக்ட்ரானிக் சிட்டி முழுக்க மழை. கீழே அதன் ஈரம் மட்டும் சுவர்களில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர், கெட்டுப்போன டியூப்லைட்டின் ரீங்காரம், பழைய டயரும் ஈர சிமென்ட்டும் கலந்த வாடை, அதற்கு அடியில் இன்னதென்று பிடிபடாமல் இன்னொரு வாசனை. எங்கேயோ முகர்ந்தது. எங்கே?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு டிரேவர் சொல்லித் தரும் முதல் பாடமே இதுதான். 'எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் நில்லுங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடாக்கி வெச்சிருந்தான்னா, எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்.' இருபது வருஷமாக மற்றவர்களுக்காகக் கார் பார்த்துச் சொல்வதுதான் அவன் வேலை. ஒரு காருக்கு மொத்தம் நூற்று நாற்பத்தாறு சோதனைகள். டிரேவர் பார்த்தால் போதும் என்று பெங்களூரில் ஒரு பேச்சே இருந்தது.

இந்தச் சாம்பல் நிற இரண்டு சீட்டர் காரை வாங்கப்போகிற அசோகனும் அதையேதான் காலையில் போனில் சொன்னார். "நீங்க ஓகேன்னா ஓகே சார். பேப்பரெல்லாம் ரெடி. நாலரைக்கு மகாவ ஸ்கூல்லேர்ந்து அப்படியே கூட்டிட்டு வந்துடறேன். அவதான் ஃபர்ஸ்ட் ரவுண்டாம். இடது சீட்ட இப்பவே புக் பண்ணிட்டா கழுத!"

பின்னால் ஒரு பெண் குழந்தையின் குரல், "யப்பா, கழுதன்னு சொல்லாத!" என்று சிணுங்கியதும் கேட்டது.

பெயின்ட்டின் கனம் பார்க்கும் மீட்டரை வலது கதவில் வைத்தான். நூற்றுப் பத்து. சரி. கூரையில் நூற்றுப் பதினைந்து. சரி. சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தான். கதவில் முந்நூற்றுச் சொச்சம். முன் தூணில் எழுநூறு. தகரத்தின் மேல் பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இடது பக்கம் ஒரு தடவை முழுசாக நசுங்கியிருக்கிறது.

இன்னும் கொஞ்சம் கீழே வைத்தான். மீட்டர் தயங்கியது. திரையில் கோடுகள் மட்டும் வந்தன. இரும்பு இல்லாத இடத்தில் வைத்தால் அது அப்படித்தான் காட்டும். விரலால் தட்டினான். இரும்பின் சத்தம்தான் வந்தது. மறுபடி வைத்தான். கோடுகள்.

பானெட்டைத் திறந்து டார்ச்சை அடித்தான். கீல் பக்கத்து போல்ட்டுகளின் இடுக்கில் சாம்பல் நிறம் ஏறாமல் விட்டுப்போயிருந்தது. அடியில் மஞ்சள். எலுமிச்சைப் பழத்தோல் மாதிரிப் பளீரென்ற மஞ்சள்.

டிரேவருக்கு ஒரு மஞ்சள் கார் தெரியும்.

பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் டார்ச்சை லாக் பிளேட்டின் அடியில் திருப்பினான். தான் சோதித்த ஒவ்வொரு காரிலும் வெள்ளைப் பேனாவால் அங்கே ஒரு அடையாளம் போட்டு வைப்பது அவன் பழக்கம். வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு சின்ன சிலுவை. பக்கத்தில் தேதி. அவன் கையெழுத்து.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை.

அன்று இது நாலாவது கார். விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் நவநாள். மனைவி ஜூடித் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு வாசலில் நின்றபடி மூன்று தடவை போன் செய்துவிட்டாள். "இன்னிக்காச்சும் பூசைக்கு நேரத்துல வருவீங்களா, மாட்டீங்களா?" இடது சீட் பெல்ட்டை இழுத்தான். பாதி வந்து நின்றது. விளிம்பில் அலை அலையாக ஒரு சுருக்கம். ஒரு பெரிய விபத்தில் ஒரு உடம்பின் கனத்தை ஒருமுறை தாங்கி இழுபட்ட பெல்ட்டுக்குத்தான் அப்படிச் சுருக்கம் விழும். அது தெரிந்தவனுக்கு அடுத்தது என்னவென்றும் தெரியும்: டாஷ்போர்டைக் கழற்றி ஏர்பேக் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாற்பது நிமிஷ வேலை.

பெல்ட்டை விட்டான். அது சுருண்டு உள்ளே போயிற்று. டிக் போட்டான்.

அன்று சாயந்திரமே காரை வாங்கிய பையன் நீல், அதே கோயில் வாசலுக்கு ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். இடது சீட்டில் நீலின் தங்கை கேரல். மடியில் மெழுகுவர்த்தி. டிரேவரைப் பார்த்துக் கையாட்டினாள். விரல்களை மட்டும் ஒவ்வொன்றாக மடக்கி, சின்னக் குழந்தைகள் டாட்டா காட்டுவதுபோல.

பதினோராம் நாள், மேம்பாலத்தில், நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் கார் இடது பக்கமாகச் செருகியது. நீலுக்குக் கையில் எலும்பு முறிவு.

காக்ஸ் டவுனில் கேரலின் அடக்கம். கட்டுப்போட்ட கையோடு நீல் வந்து அவன் முன்னால் நின்றான். "அங்கிள், பெல்ட்டெல்லாம் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்பா."

"அப்போ அவ டைம் அவ்ளோதான் அங்கிள்." சொல்லிவிட்டு அவன் தோளில் முகம் புதைத்து அழுதான். டிரேவர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தான். தட்டிக் கொடுத்த அந்தக் கை, இரண்டு வருஷமாக, சோற்றில் வைக்கும்போதெல்லாம் கனத்தது.

இப்போது புரிந்தது அந்த வாசனை. மெழுகு. ஊதி அணைத்த திரியின் புகை.

முட்டி போட்டு உட்கார்ந்து இடது டாஷ்போர்டின் அடிமூடியைக் கழற்றினான். அன்று செய்யாத வேலை. ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம். வயரின் நுனியில், அரிசிமணி அளவில் ஒரு ரெசிஸ்டர், கறுப்பு டேப் சுற்றி. வெடித்துப்போன ஏர்பேக்குக்குப் பதிலாக இதைச் சொருகிவிட்டால் போதும். எச்சரிக்கை விளக்கு ஏமாந்து அணைந்துவிடும். டேப்பின் மேல் பொட்டுப்பொட்டாகப் பெயின்ட் தெறித்திருந்தது.

மஞ்சள் பெயின்ட்.

கார் மஞ்சளாக இருந்த காலத்திலேயே இது இங்கே இருந்திருக்கிறது. அவன் டிக் போட்ட அன்றும்.

போனில் ரிப்போர்ட் ஆப்பைத் திறந்து சேசிஸ் நம்பரைத் தட்டினான். ஒரு பெட்டி எழுந்தது. 'இந்த வண்டிக்கு முந்தைய ரிப்போர்ட் உள்ளது. ஆய்வாளர்: டிரேவர். அதையே நகல் எடுக்கவா?'

வேண்டாம் என்று தட்டலாம். காரை நிராகரிக்கலாம். நிராகரித்தால் கம்பெனி விதிப்படி இரண்டாவது ஆள் வந்து பிரித்துப் பார்ப்பான். ஓஸ்வால்ட்தான் வருவான். ஓஸ்வால்ட் கண்ணுக்கு மஞ்சள் பொட்டு தப்பாது. பழைய ரிப்போர்ட்டை எடுப்பான். தேதியைப் பார்ப்பான். அப்புறம் நீல் வீட்டுக்கு ஒரு போன் போகும்.

ரெசிஸ்டரைப் பிடுங்கி எறிந்துவிடலாமா? கை நீட்டினான். வயர் வெதுவெதுவென்று இருந்தது. கையை இழுத்துக்கொண்டான்.

ஒரு வாரத்துக்குள் அசோகனிடம் ஏதாவது காரணம் சொல்லிப் புது ஏர்பேக், புது பெல்ட் போட வைத்துவிடலாம். நானே பக்கத்தில் இருந்து செய்து கொடுத்துவிடலாம். ஒரே வாரம்தானே? ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும்?

விரல் தானாகப் போயிற்று. 'ஆம்.'

நூற்று நாற்பத்தாறு பச்சை டிக்குகள் மடமடவென்று இறங்கின. அனுப்பு. அவன் போனின் நெட்வொர்க்குக்கு அங்கே சிக்னல் இல்லை. 'காத்திருப்பில்' என்று ஒரு சக்கரம் சுற்றியது.

கடைசியாக, ஓடிய கிலோமீட்டரைத் தனியாகப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். சாவியை ஒரு கட்டம் திருப்பினான். நாலு மாசம் நின்ற பேட்டரி. ஆனால் டாஷ்போர்டு கோயில் திருவிழா மாதிரி ஜொலித்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஒன்று மட்டும் அணையவில்லை.

டிங். டிங். டிங்.

சீட் பெல்ட் எச்சரிக்கை. டிரேவர் தன் பெல்ட்டைப் போட்டான்.

டிங். டிங். டிங்.

விளக்கில் இருந்த பொம்மையைக் கவனித்தான். இடது சீட். அந்த சீட்டில் ஆள் உட்கார்ந்தால் அடியில் உள்ள சென்சார் கனத்தை உணர்ந்து மணி அடிக்கும். சில சமயம் ஒரு பையை வைத்தாலே அடிக்கும்.

சீட்டில் பை இல்லை. எதுவுமே இல்லை.

சென்சார் கெட்டிருக்கும். ஈரம். கட்டாயம் ஈரம்தான். சீட்டைத் தட்டினால் நின்றுவிடும் என்று கை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. தோல் உறையின் நடுவில் மெல்லிய ஒரு பள்ளம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்வதுபோல, பள்ளம் ஆழமாயிற்று.

டிங். டிங். டிங்.

வேகம் கூடியது. காதுக்குள். பல்லுக்குள்.

சாவியைத் திருப்பினான். திரும்பவில்லை. கதவு திறக்கவில்லை. தன் பெல்ட்டின் பட்டனை அழுத்தினான். விடவில்லை. மூச்சை வெளியே விட்டான். விட்ட இடத்தை பெல்ட் பிடித்துக்கொண்டது. இன்னொரு மூச்சு. இன்னும் இறுக்கம்.

"என்ன வேணும்?" அழுகையாக வந்தது குரல். "என்ன வேணும்மா உனக்கு?"

டிங். டிங். டிங்.

புரிந்தது.

குறுக்கே எட்டி இடது பெல்ட்டைப் பிடித்தான். இழுத்தான். இரண்டு வருஷத்துக்கு முன் பாதியில் நின்ற அதே இடத்தில் நின்றது. இந்தத் தடவை விடவில்லை. இழுத்தான். வந்தது. சுருக்கம் விழுந்த பாகம். அதற்கு அப்பால் விறைத்துப்போன பழுப்புக் கறை. அதற்கும் அப்பால் ஈரம். வெதுவெதுப்பான ஈரம்.

கொக்கியில் சொருகினான். க்ளிக்.

மணி நின்றது.

அந்த அமைதியில் பெல்ட்டைப் பார்த்தான். காலி சீட்டில் மாட்டிய பெல்ட் தோலோடு ஒட்டிப் படிய வேண்டும். இது படியவில்லை. ஒரு ஜாண் முன்னால் நின்றது. தோளில் வளைந்து, மார்பில் எழும்பி, இடுப்பில் இறங்கி.

ஏறியது. இறங்கியது. ஏறியது.

அவன் பெல்ட் தானாகவே விட்டது. கதவு திறந்துகொண்டது. டிரேவர் விழுந்தான், எழுந்தான், சாய்தளத்தில் மேலே ஓடினான். ரிப்போர்ட்டை நிறுத்த வேண்டும். அது ஒன்றுதான். முதல் தளம். இரண்டாவது வளைவு. வெளிச்சம். மழை.

கையில் போன் சிணுங்கியது. 'ரிப்போர்ட் அனுப்பப்பட்டது.'

அதை ரத்து செய்ய வழி தேடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அசோகன்.

"சார்! ரிப்போர்ட் பாத்துட்டேன். நூத்துக்கு நூறு! நாங்க லிஃப்ட்ல இறங்கிட்டோம், வண்டிகிட்டதான் நிக்கறோம். உங்களக் காணோமே? சாவி வண்டியிலேயே இருக்குது..."

"ஏறாதீங்க." மூச்சு வரவில்லை. "மகாவ ஏத்தாதீங்க சார்."

"ஏன் சார்?"

இரண்டே வார்த்தை. பொய் ரிப்போர்ட். அவ்வளவுதான். அதைச் சொன்னால் ஓஸ்வால்ட் வருவான். மஞ்சள் பொட்டு. நீல்.

"என்ன சார், பெல்ட்டு, ஏர்பேக்கெல்லாம் பாத்தீங்க இல்ல?"

அதே கேள்வி. டிரேவர் வாயைத் திறந்தான்.

"டயர்ல..." என்றான். "டயர்ல காத்து கம்மி."

அசோகன் சிரித்தார். "அட, காத்துதானே! கேட் வரைக்கும்தான் சார். இவ ஏற்கெனவே ஏறி பெல்ட்டும் போட்டுட்டா. எங்க நிக்கற வேலை!"

கீழே எஞ்சின் உறுமியது. முதல் திருப்பிலேயே.

டிரேவர் சாய்தளத்தின் வாயில் நடுவில் நின்றான். கையை நீட்டினான். கத்தினான். மழை கத்தலைத் தின்றது. சாம்பல் மூக்கு மெதுவாக மேலேறி வந்தது. அசோகன் சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்து, அவனைச் சுற்றி வளைத்துத் திருப்பினார்.

ஓர் அடி தூரத்தில் இடது ஜன்னல் அவனைக் கடந்தது.

ஸ்கூல் யூனிஃபார்மில் மகா. பத்து வயது இருக்கும். அந்த உயரத்துக்கு அவள் தலை கூரையைத் தொடக் கூடாது. தொட்டுக்கொண்டிருந்தது. முதுகு சீட்டில் படவில்லை. கால்கள் தரைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. அவளுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் கனத்துக்கு இடைவெளி, அத்தனையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது பெல்ட்.

மகா சீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. மடியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் டிரேவரைப் பார்த்துக் கையாட்டினாள். விரல்களை மட்டும், ஒவ்வொன்றாக மடக்கி.